டபுள் இருக்கா?

பள்ளிக்கூடம் விட்ட கையோடு, மாலை நாலரை மணி வாக்கில், அம்பத்தூர் ஓ.டி. பக்கமோ ஆவடி மார்க்கெட் பக்கமோ ஏதாவது ஒரு ஸ்டேஷனரி கடை வாசலில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். ஷாம்பு சாஷே சரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சரம் தொங்கும். பளபளவென்று சின்னச் சின்னப் பாக்கெட்டுகள். மேலே போகிமான் படமோ கிரிக்கெட் வீரர் படமோ இருக்கும். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் அவற்றை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்திப் பார்ப்பான். உள்ளே ஜிகினா அட்டை இருந்தால் பாக்கெட் கொஞ்சம் தடிப்பாக இருக்கும் என்பது அவன் கணக்கு. “கசக்காதடா, எடுக்குறதுனா எடு” என்று கடைக்காரர் அதட்டுவார். மேலிருந்து நாலாவதைப் பிய்த்து, பல்லால் கடித்துத் திறந்து, அட்டைகளை விரித்ததும் பையனின் முகம் வாடிவிடும். ஐந்தில் மூன்று ஏற்கெனவே வீட்டில் இருப்பவை. அந்த வாட்டம் ஒரு நிமிடம்கூட நிற்காது. பக்கத்தில் நிற்பவனிடம் திரும்பி, “டேய், உங்கிட்ட என்னடா டபுள் இருக்கு?” என்பான்.

இங்கே நடப்பவை இரண்டு வேறு வேறு காரியங்கள். பாக்கெட் வாங்குவது ஒன்று. டபுளை மாற்றிக்கொள்வது இன்னொன்று. முதல் காரியத்தில் பையன் தனி ஆள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே காசைக் கொடுக்கிறான். இரண்டாவதில் எதிரே இன்னொரு பையன் இருக்கிறான். எதைக் கொடுக்கிறோம், எதை வாங்குகிறோம் என்பது இருவருக்கும் தெரியும். பெரியவர்கள் தடுப்பது இதில் எதை? பையில் அட்டை இருந்தால் பறிமுதல், வகுப்பில் மாற்றிக்கொண்டால் தண்டனை என்பது பல பள்ளிகளில் வழக்கம். கடையில் தொங்கும் சரத்தைப் பற்றி மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. விளையாட்டின் நல்ல பாதியை அடைத்துவிட்டு, கெட்ட பாதியைத் திறந்து வைத்திருக்கிறோம்.

இந்தச் சரம் நேற்று முளைத்ததும் இல்லை. ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால் பெட்டிக்கடை ‘பிரைஸ்’ அட்டையைச் சொல்வார்கள். பெரிய அட்டையில் வரிசையாகக் காகித மடிப்புகள் ஒட்டியிருக்கும். ஐந்து பைசாவோ பத்து பைசாவோ கொடுத்து ஒன்றைக் கிழித்தால் உள்ளே ஓர் எண். அந்த எண்ணுக்கு உரிய பொருள் நமக்கு. அநேகமாக அது, வாய் வைத்து ஊதும்போதே வெடிக்கும் சின்ன பலூனாக இருக்கும். உச்சியில் கட்டியிருக்கும் பெரிய பலூனைப் பார்த்துப் பார்த்தே பிள்ளைகள் அடுத்த மடிப்பைக் கிழித்தார்கள்.

அதே காலத்தில் காசே இல்லாத இன்னொரு சேகரிப்பும் இருந்தது: காலி சிகரெட் அட்டையும் தீப்பெட்டிப் படமும். தரையில் வட்டம் போட்டு, நடுவில் படங்களை அடுக்கி, கல்லை எறிந்து வெளியே தள்ளினால் தள்ளியவனுக்குச் சொந்தம். பேருந்து நிலையத்தில் எளிதாகக் கிடைக்கும் பிராண்டுக்கு மதிப்பு குறைவு, அபூர்வமாகக் கிடைக்கும் வெளிநாட்டு சிகரெட் அட்டைக்கு மதிப்பு அதிகம். அந்த விலைப்பட்டியலை எந்தக் கம்பெனியும் அச்சடித்துத் தரவில்லை. தெருப் பிள்ளைகளே கூடித் தீர்மானித்தார்கள். கல்கத்தாவுக்குப் போய்த் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினார்கள். அதற்குப் பின் அந்த வட்டாரத்து அச்சகங்களில் அச்சான கப்பலும் புலியும் மயிலும்தான், பெயரில்லாமலே, தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் முதல் ‘கார்டு’.

பிறகு பிக் ஃபன் பபிள்கம் வந்தது. கிரிக்கெட் வீரர் படத்தோடு ரன் எண்ணிக்கையும் போட்டிருக்கும். ரன் சேர்த்தால் பரிசு. தொண்ணூறுகளில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். டிரம்ப் கார்டு. உயரம், எடை, மார்பளவு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மோதுவார்கள். எடை கேட்டால் கையில் யோகோசூனா இருப்பவன் ராஜா. அது முழுக்கட்டாக வந்ததால் வாங்குவதில் அதிர்ஷ்டத்துக்கு இடமில்லை, ஆட்டத்தில்தான் இருந்தது. சிப்ஸ் பாக்கெட்டுக்குள் டாசோ என்னும் சின்ன வட்டத் தகடு வந்தபோது மறுபடியும் கண்ணைக் கட்டிய வியாபாரம் ஆயிற்று. 2010களில் டாப்ஸ் நிறுவனத்தின் ஐ.பி.எல். ‘கிரிக்கெட் அட்டாக்ஸ்’ பாக்கெட்டுகள் இங்கே கடைகளுக்கு வந்தன. அமெரிக்காவில் பேஸ்பால் அட்டையை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்த அதே டாப்ஸ்.

அந்தப் பேஸ்பால் அட்டையின் கதையைத் தெரிந்துகொள்வது இங்குள்ள பெற்றோருக்கு நல்லது. யூடியூபில் யாரோ ஒருவர் பாக்கெட் பிரித்துக் கத்துவதைப் பார்த்துவிட்டு, “இந்தக் கார்டு கோடிக்கணக்குல போகும்பா” என்று சொல்லும் பிள்ளைக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. 1880களில் சிகரெட் பாக்கெட் நசுங்காமல் இருக்க வைத்த அட்டையில் பேஸ்பால் வீரர் படத்தை அச்சடிக்கத் தொடங்கினார்கள். 1909 முதல் 1911 வரை வந்த டி206 என்னும் வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டை பாதியிலேயே நிறுத்தப்பட்டது. பிள்ளைகள் அட்டைக்காகப் புகையிலை வாங்குவது அவருக்குப் பிடிக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள்; தனக்குப் பணம் தராததால் மறுத்தார் என்று வேறு சிலர். எதுவானாலும், மிஞ்சியது ஐம்பது அறுபது அட்டைகள். அதில் ஒன்று 2022இல் 72.5 லட்சம் டாலருக்குப் போனது.

அதே ஆண்டு அதையும் மிஞ்சிய ஒரு விற்பனை நடந்தது. மிக்கி மேன்டில் என்ற வீரரின் 1952ஆம் ஆண்டு டாப்ஸ் அட்டை, 1 கோடியே 26 லட்சம் டாலர். அந்த வரிசையை வடிவமைத்தவர் சை பெர்கர். 1952இல் அது பருவம் முடியும் நேரத்தில் வந்ததால் விற்காமல் தேங்கியது. தள்ளுபடிக்கும் ஆளில்லை. கடைசியில் 1960இல் அவரே பெட்டி பெட்டியாகப் படகில் ஏற்றி, நியூயார்க் பக்கத்துக் கடலில் கொட்டிவிட்டார். கடலுக்குப் போனது போக, அம்மாக்கள் குப்பையில் போட்டது போக, தப்பிப் பிழைத்து முனை மடங்காமல் இருப்பதற்குத்தான் அந்தக் கோடிகள்.

பழைய அட்டைகளுக்கு நல்ல விலை கிடைக்கிறது என்ற செய்தி பரவியதும், 1980களின் கடைசியிலேயே அமெரிக்கக் குடும்பங்கள் அட்டைகளைப் பிரிக்காமலே பெட்டியில் வைத்துப் பூட்டின. பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு ஆகும் என்று நம்பினார்கள். கம்பெனிகளும் கேட்டதற்கு மேல் அச்சடித்தன. எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கும் பொருளுக்கு யார் விலை தருவார்? அந்தக் காலத்து அட்டைகளில் பெரும்பாலானவை இன்றைக்கும் கிட்டத்தட்டக் காகித விலைதான்.

ஆக, முதலீடு என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவிடலாம். அதுவும் அம்பத்தூர்க் கடையில் தொங்கும் தங்க நிறப் போகிமான் அட்டைகளில் பல, உரிமம் பெற்ற அச்சே கிடையாது. பிள்ளைகளுக்கு அது தெரியும். “இது டூப்ளிகேட்” என்று சொல்லிக்கொண்டேதான் வாங்குகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது செட் முழுமையாவது. அங்கேதான் பாக்கெட்டின் கணக்கு பிடிக்கிறது.

ஒரு செட்டில் 100 அட்டைகள், எல்லாம் சம எண்ணிக்கையில் அச்சானவை, பாக்கெட்டுக்கு ஐந்து, விலை பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் பாதி சுலபம்: சராசரியாக 69 அட்டை வாங்குவதற்குள் 50 வெவ்வேறு அட்டைகள் சேர்ந்துவிடும். போகப் போகத்தான் டபுள் குவியும். 99 கையில் இருக்கும்போது, மிச்சம் இருக்கும் அந்த ஒன்றுக்காக மட்டும் சராசரியாக இன்னும் 100 அட்டை, அதாவது 20 பாக்கெட், வாங்க வேண்டியிருக்கும். 100ஐயும் தனி ஆளாகச் சேர்க்கச் சராசரியாக 519 அட்டை. கிட்டத்தட்ட 104 பாக்கெட், 1,040 ரூபாய். அதே பையன் நான்கு நண்பர்களோடு சேர்ந்து, ஐந்து பேரும் டபுளை ஒளிக்காமல் மாற்றிக்கொண்டால், ஐந்து பேருக்கும் செட் முடிய ஆளுக்கு ஏறக்குறைய 250 அட்டைதான் ஆகும். செலவு பாதிக்கும் கீழே வந்துவிடுகிறது. எண்கள் பொய் சொல்லவில்லை: டபுளை மாற்றிக்கொள்வது பாக்கெட்டின் பிடியைத் தளர்த்துகிறது. சில அட்டைகளை வேண்டுமென்றே குறைவாக அச்சடிக்கும்போது, தனி ஆளின் செலவு இதைவிட எத்தனையோ மடங்கு ஏறும். எவ்வளவு ஏறும் என்று வாங்குபவருக்குத் தெரியாது, ஏனென்றால் எத்தனை பாக்கெட்டில் ஒரு முறை அந்த அட்டை வரும் என்று இங்கே பல பாக்கெட்டுகளில் போடுவதில்லை.

என்ன விழும் என்று தெரியாமலே காசைக் கொடுக்கும் இந்த வேதனை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற முழக்கத்தோடு அண்ணா முதல்வராக இருந்தபோது தொடங்கிய பரிசுச் சீட்டு, கூலிக்காரக் குடும்பங்களின் சம்பளத்தைத் தின்னும் லாட்டரிகளின் காலத்தில் வந்து முடிந்தது. 2003 ஜனவரியில் மாநிலம் எல்லா லாட்டரிக்கும் தடை போட்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சம்பள நாளன்று டீக்கடை வாசலில் சுரண்டல் சீட்டு விற்றதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெரியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பைக் கொடுத்த மாநிலம், பத்து வயதுப் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு காசு கொடுப்பதை மட்டும் பார்க்காமல் இருக்கக் கூடாது.

தடை கேட்கவில்லை இங்கே. அட்டை பாக்கெட்டும் லாட்டரிச் சீட்டும் ஒன்று என்று சொன்னால் அது மிகை. சீட்டு விழாவிட்டால் குப்பை. பாக்கெட்டில் ஐந்து அட்டை நிச்சயம். அமெரிக்காவிலும் அட்டைக் கம்பெனிகள் சூதாட்டம் நடத்துகின்றன என்று வழக்குப் போட்டார்கள். வாங்கியவர் காசு கொடுத்த பாக்கெட்டைப் பெற்றுவிட்டார், எதிர்பார்த்த அட்டை வராத ஏமாற்றம் சட்டப்படி நட்டம் ஆகாது என்று 2002இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் அங்கே பாக்கெட்டின் மேலேயே, இத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். சீனா இன்னும் ஒரு படி மேலே போனது. உள்ளே இருப்பது தெரியாத பெட்டிகளை எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு விற்கக் கூடாது, எது எத்தனைக்கு ஒன்று என்பதைச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜூனில் வழிகாட்டு நெறிகள் கொண்டுவந்தது.

இந்தியாவில் இதற்குப் புதிய சட்டம்கூடத் தேவைப்படாது. பொட்டலப் பொருள்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2011 முதல் இருக்கின்றன. தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எண்ணிக்கை, தயாரித்த மாதம், அதிகபட்ச விற்பனை விலை, புகார் சொல்ல வேண்டிய இடம் எல்லாம் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்று அவை சொல்கின்றன. பிஸ்கட் பாக்கெட்டில் தேடிப் பார்க்கும் நாம், அட்டை பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பதில்லை. இந்தப் பட்டியலோடு ஒரு வரியைச் சேர்த்தால் போதும்: எந்த வகை அட்டை, எத்தனை பாக்கெட்டுக்கு ஒன்று. அந்த எண்ணைப் படித்துவிட்டு ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு, பாடப்புத்தகத்தில் இருக்கும் நிகழ்தகவுக் கணக்கைவிட நன்றாக மனதில் பதியும்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருவோம். ஆசிரியர்கள் அட்டையைப் பறிப்பதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. வகுப்பு நடக்கும்போது பெஞ்சுக்கடியில் பேரம் நடக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பையன் மூன்றாம் வகுப்புக் குழந்தையின் நல்ல அட்டையை வாங்கிக்கொண்டு நாலு உதவாத அட்டையைக் கொடுத்து அனுப்புகிறான். திருட்டு, அழுகை, மறுநாள் பெற்றோரோடு பஞ்சாயத்து. 1999இல் போகிமான் அலை அடித்தபோது அமெரிக்காவிலும் பல பள்ளிகள் இதே காரணங்களுக்காகத்தான் அட்டையைத் தடை செய்தன. ஆனால் தடை போட்ட பிறகு என்ன ஆகிறது? பிள்ளை அட்டையை வீட்டில் வைத்துவிட்டு வருகிறான். கையில் டபுள் இல்லாததால் மாற்றிக்கொள்ள முடியாது. செட் முடிய ஒரே வழி, சாயங்காலம் இன்னொரு பாக்கெட். ஆசிரியர் நல்ல எண்ணத்தோடு செய்த காரியம் கடைச் சரத்துக்கு வியாபாரம் பிடித்துக் கொடுக்கிறது.

மாற்றிக்கொள்ளும்போது பிள்ளைகள் என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்தால் பறிக்க மனம் வராது. அட்டையின் பின்பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும் ரன், விக்கெட், சராசரியைத் தடுமாறித் தடுமாறிப் படிக்கிறார்கள். அடுத்தவனுக்கு எது வேண்டும் என்று யோசிக்கிறார்கள். ‘எனக்கு சி.எஸ்.கே. முழுசா வேணும், நீ மும்பை எடுத்துக்கோ’ என்று பேசி இரண்டு பக்கமும் லாபமாக ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ஹெவி வெஹிக்கிள்ஸ் ஃபேக்டரி குடியிருப்பில் படிக்கும் பையனும் திருமுல்லைவாயல் அரசுப் பள்ளிப் பையனும் வேறு எங்கே சந்திக்கப்போகிறார்கள்? பட்டரவாக்கத்திலிருந்து அண்ணனூர் வரை போகும் மின்சார ரயிலில் இரண்டு சீருடைகள் ஒரே பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருப்பதை இந்த அட்டைகள்தான் செய்து காட்டுகின்றன.

பெரியவர்கள் பணத்தோடு உள்ளே நுழையும் இடத்தில்தான் இந்த விளையாட்டு நாறுகிறது. 2021 மே மாதம் விஸ்கான்சின் மாநிலத்தில் டார்கெட் கடை வாசலில் அட்டைக்காகப் பெரியவர்கள் அடித்துக்கொண்டு, துப்பாக்கி எடுக்கும் அளவுக்குப் போனது. அந்தக் கடைக் குழுமம் அட்டை விற்பதையே சில காலம் நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் ஜப்பானில் மெக்டொனால்ட்ஸ் சிறுவர் சாப்பாட்டோடு போகிமான் அட்டை கொடுத்தது. மறுவிற்பனைக்காரர்கள் மூட்டை மூட்டையாக வாங்கி, அட்டையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டை வீதியில் எறிந்துவிட்டுப் போனார்கள். பல பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சாப்பாடு வீதியில் கிடந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும்.

அமெரிக்காவில் ‘ஷோ’ என்று சொல்லும் கூடல் இதற்கு நேர் எதிரான நல்ல பக்கம். 1980இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய தேசியக் கூடல் ஆண்டுதோறும் நடக்கிறது. அதைவிட முக்கியமானவை ஊருக்கு ஊர் நடக்கும் சின்னக் கூடல்கள். நீள மேசை, மேசை நிறைய அட்டைப்பெட்டி, பெட்டி நிறைய மலிவு அட்டைகள். பிள்ளை தனக்கு வேண்டியதைத் தேடிக் கண்ணால் பார்த்து எடுக்கலாம். பாக்கெட்டில் குருட்டாம்போக்கு, ஷோவில் கண் திறந்திருக்கிறது. இங்கே அதற்கு மிக அருகில் வருவது 2024 பிப்ரவரியில் முதல் முறை சென்னைக்கு வந்த காமிக் கான். நடந்த இடம் நந்தம்பாக்கம் வர்த்தக மையம், மவுண்ட்–பூந்தமல்லி சாலையிலேயே இருக்கிறது. ஆனால் அது டிக்கெட் எடுத்து உள்ளே போகும் திருவிழா. ஆண்டுக்கு ஒரு முறை. பூந்தமல்லியில் ஐந்து டபுள் வைத்திருக்கும் பிள்ளைக்கு அது உதவாது.

சேகரிப்புக்கு அரசு துணை நிற்பது நம் நாட்டில் புதிதும் இல்லை. அஞ்சல்தலை சேகரிக்கும் ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு, அஞ்சல் துறை 2017 முதல் தீன் தயாள் ஸ்பர்ஷ் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. நாடு முழுக்க 920 பேருக்கு. பள்ளியில் அஞ்சல்தலை மன்றம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 200 ரூபாயில் மாணவர் பெயரில் ஒரு வைப்புக் கணக்காவது இருக்க வேண்டும். சென்னையில் தென்னிந்திய அஞ்சல்தலை சேகரிப்போர் சங்கம் 1956 முதல் இயங்குகிறது. அஞ்சல்தலைக்கு மன்றம், அட்டைக்குப் பறிமுதல் என்பது என்ன நியாயம்? இரண்டும் சின்னக் காகிதம்தான். இரண்டிலும் பிள்ளை ஊர் பெயரும் ஆள் பெயரும் கற்கிறது.

பிள்ளைகள் டபுளை மாற்றிக்கொள்ளும் சின்னக் கூடலை இங்கேயும் நடத்தலாம். இடம் எங்கே என்று தேட வேண்டியதில்லை. 1948இல் வந்த பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்தே வசூலிக்கிறார்கள். ஒரு ரூபாய்க்குப் பத்து பைசா. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீட்டுக்காரர்கள் கட்டும் பணம் அதில் இருக்கிறது. கிளை நூலகத்தில் மாதம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், நாலு மேசை. வரும் பிள்ளை அலமாரிப் பக்கமும் ஒரு நடை போகும் என்பது நூலகருக்குக் கிடைக்கும் லாபம்.

விதி நிறைய வேண்டாம். காசு கைமாறக் கூடாது. எல்லோரும் அட்டைகளை மேசைமேல் விரித்து வைக்க வேண்டும், சட்டைப்பையிலிருந்து எடுத்துக் காட்டக் கூடாது. பதினெட்டு வயதைத் தாண்டியவர்கள் மேசையில் உட்காரக் கூடாது, பின்னால் நிற்கலாம். எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை செய்த மாற்றத்தை, வீட்டுக்குப் போய் அழுதால், அடுத்த மாதக் கூடலில் திரும்பக் கேட்கலாம்; வாங்கியவன் கொடுத்தாக வேண்டும். பள்ளிகள் வருட முடிவில், பறித்து ஆசிரியர் அறை அலமாரியில் போட்டிருக்கும் அட்டைகளை ரப்பர் பேண்ட் போட்டு, பிள்ளையின் பெயர் எழுதி, முதல் கூடலுக்கு அனுப்பி வைக்கலாம்.